போன மாதந்தானே கொடுத்தோம்?

சென்ற ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் வெளியேறும் வேளையில், பள்ளிவாசல் வாயிலில் இருவர் துண்டொன்றை விரித்துப் பிடித்து நின்றனர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவன் ஒருவனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன, இயன்றதை உதவுங்கள் என்று உள்ளே அறிவிப்புச் செய்யப்பட்டிருந்தது. மக்கள் மனமுவந்தே போட்டனர். துண்டு கனத்தது. தொகையை எண்ணித் தந்தையின் கையில் வழங்கினர். வழங்கிய காட்சியைப் படமும் எடுத்தனர். அம்மாணவன் எச்சமயத்தான் என்பதை நாம் ஈண்டு எழுதப் போவதில்லை. அன்று கொடுத்தவர்களும் அதைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து அத்தந்தை மீண்டும் வந்து அதே வாயிலில் நின்றார். பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். நகக்கண்ணில் படிந்த அலுமினியப் பொடி எத்தனை முறை கழுவினாலும் போகாத கை அது. அவரைக் கண்ட பெரியவர் ஒருவர், கடுமையாக அன்று, வியப்போடுதான் கேட்டார்: "போன மாதந்தானே கொடுத்தோம்?"

தந்தை ஒன்றும் சொல்லாமல் தலைகவிழ்ந்து போய்விட்டார். பக்கத்தில் நின்ற நாமும் வாளாவிருந்தோம். அன்று சொல்லாத மறுமொழியை இன்று எழுதுகிறோம். அப்பெரியவர் தீயவர் அல்லர். துண்டில் முதல் நோட்டைப் போட்டவரே அவர்தாம். அவ்வினா நம் சமுதாயத்தின் வினா. நல்லவர்கள் கேட்கும் வினாவாக இருப்பதனாலேதான் அதனை மறுத்தாக வேண்டும்.

முதலில் இந்நோயின் இயல்பை அறிய வேண்டும். கால் முறிந்தவனுக்கு ஒருமுறை உதவினால் எலும்பு கூடிவிடும். மகப்பேற்றுக்கு உதவினால் பிள்ளை வீடு வந்துவிடும். சிறுநீரகச் செயலிழப்பு அத்தகையதன்று. அது ஓசையின்றி வளர்வது. காலில் வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வெளிப்படும் வேளையில், பலருக்குச் சிறுநீரகத்தின் ஆற்றலில் பெரும்பகுதி போயிருக்கும். முதியோர்க்குப் பெரும்பாலும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் காரணமாகின்றன. இளைஞர்க்கோ சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் உண்டாகும் அழற்சி, பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அமைந்த குறை முதலியவை காரணம். சிலரிடத்தில் காரணம் இன்னதென்றே தெரிவதில்லை. ஆதலின், 'பையன் என்ன தின்றானோ, என்ன குடித்தானோ' என்று பேசுவோர் தம் நாவை அடக்கிக்கொள்வது நலம்.

டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு, பொதுவாக வாரத்தில் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் செய்யப்படுவது. ஓராண்டுக்கு 156 முறை; 624 மணி நேரம். இரண்டு மூன்று முறை தவறினாலே உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறி உயிர் ஊசலாடும். இது நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையும் அன்று. அடுத்த சிகிச்சை வரை உயிரை நிறுத்தி வைப்பது. நோய் வாரத்துக்கு மூன்று முறை கேட்கிறது. நாமோ ஒருமுறை துண்டு விரித்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொள்கிறோம்.

'அரசு இலவசமாகத்தானே செய்கிறது, பிறகு ஏன் வசூல்?' என்பது அடுத்துக் கேட்கும் குரல். அரசு செய்வதை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆதலின் ஒளியாது சொல்வோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை காப்பீடு உண்டு. டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவையும் அதில் அடங்கும். மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி பெருக 2016இல் மைய அரசு ஒரு தேசியத் திட்டம் வகுத்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு வேண்டிய திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மதுரை இராசாசி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவைகளே நடைபெறுகின்றன. இவையனைத்தும் ஏழைகளின் வரிப்பணம் ஏழைகளுக்குத் திரும்பிய நற்செயல்கள்.

ஆயினும் இலவசச் சிகிச்சைக்கும் ஒரு விலை உண்டு. அதனைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என மூன்றைச் சொல்லி, உடனிருந்து பேணுபவனை நான்காவதாக வைத்தார். இன்றைய திட்டங்கள் மருத்துவனுக்கும் மருந்துக்கும் பணம் ஒதுக்குகின்றன. நான்காமவரை மறந்துவிட்டன. அந்த நான்காமவர் வெம்பக்கோட்டையிலிருந்தோ திருத்தங்கலிலிருந்தோ விடியுமுன் எழுந்து, மகனைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றி, நான்கு மணி நேரம் நடைக்கூடத்தில் காத்திருந்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து தள்ளாடும் பிள்ளையை வீடு சேர்க்கும் தாய். அன்றைக்கு அவள் கூலி போயிற்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். பேருந்து, ஆட்டோ, வழியில் ஒரு வேளை உணவு எல்லாமாக இருவருக்கும் ஒரு நடைக்கு 200 ரூபாய் என்று கொள்வோம். தாய் இழக்கும் ஒருநாட் கூலி 500 ரூபாய் என்று கொள்வோம். 156 நடைக்கு முன்னது 31,200, பின்னது 78,000, ஆக 1,09,200 ரூபாய். மருத்துவமனை ஒரு காசும் வாங்காத நிலையில் வரும் கணக்கு இது. வெளியே வாங்க நேரும் ஊசியும் மாத்திரையும் சேரவில்லை. ஏழைக் குடும்பம் என்பதற்கு அரசு வைத்த வருமான வரம்பே 1,20,000 ரூபாய்தான் என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் ஓராண்டு ஒழுங்காக உழைத்தால் அவ்வரம்பையும் தாண்டிவிடுவர். அப்போது காப்பீடும் இல்லை. தனியாரிடம் போனால், முறைக்கு ஆயிரம் ரூபாய் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், ஆண்டுக்கு 1,56,000 ரூபாய் ஆகும்.

சிவகாசி வட்டாரத்தின் கூலி எத்தகையது என்பதும் தெரிந்ததே. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. வானம் பார்த்த கரிசல் மண்ணில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழில். அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் அது காய்ச்சலோடிருக்கும் கூலி. மழை பெய்தால் மருந்து காயாது, வேலையில்லை. தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலை திறவாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, ஆனால் வீட்டில் வைத்துத் திரி கிள்ளுபவளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? ஆலை அடைபடும், டயாலிசிஸ் அடைபடாது. இடைவெளியை நிரப்ப வருவது வட்டிக்காரன். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் இயற்றப்பட்டது. நோயாளி வீட்டு வாயிலில் அச்சட்டம் எத்தனை முறை வந்து நின்றது?

மாணவனாக இருப்பவனுக்கு மற்றுமோர் இழப்பு உண்டு. கல்லூரித் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். வாரத்தில் ஆறு நாளில் மூன்று நாள் ஊசிமுனையில் கிடப்பவன் 75 விழுக்காட்டுக்கு எங்கே போவான்? மருத்துவச் சான்று கொடுத்தால் ஓரளவு குறைவைப் பொறுப்பார்கள். அதற்கும் பல கல்லூரிகளில் கட்டணம் உண்டு. நோயுற்றதற்குத் தண்டம்! அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி புகுந்தோர்க்கு மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயும் படிப்பை நிறுத்தினால் நின்றுவிடும். நாம் குறிப்பிட்ட மாணவன் உயிரோடிருக்கிறான். ஆனால் மூன்றாம் ஆண்டுக்குப் போகவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் அவன். அவனைப் படிக்க வைத்த கடனும் அவனை வாழ வைக்கும் கடனும் ஒரே தலையில் ஏறியிருக்கின்றன.

'ஒரு சிறுநீரகத்தை விலைக்கு வாங்கிப் பொருத்திவிட்டால் தொல்லை தீருமே' என்று காதோடு காதாகச் சொல்பவரும் உண்டு. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. விற்பவன் யார் என்று அறிந்தால் அச்சொல் நாவிலேயே எழாது. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் ஏற்பட்ட இழிபெயரை மூத்தோர் அறிவர். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியாகி, வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடன் தீர்க்கவே விற்றனர். விற்ற பின்பு அவர்களது குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோர் கடனும் தீரவில்லை. கடன்பட்ட தறிக்காரனின் விலாவைக் கீறிக் கடன்பட்ட பட்டாசுத் தொழிலாளியின் மகனைக் காப்பது உதவியன்று. ஓர் ஏழைவீட்டு நெருப்பை மற்றோர் ஏழைவீட்டுக்கு மாற்றுவது.

நேர்வழி இரண்டே. ஒன்று, பெற்றோரோ உடன்பிறந்தோரோ மனமுவந்து தருவது. அவ்வாறு தருபவர் பெரும்பாலும் தாயும் மனைவியுமாகவே இருப்பது ஆண்கள் நாணத்தக்க செய்தி. மற்றொன்று, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கொடை. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் இழந்த தம் மகனின் உறுப்புகளை வழங்கித் தமிழகத்தின் கண்ணைத் திறந்தனர். 2023 முதல் அத்தகைய கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. நம் உலமாக்களில் இதனை மறுப்போரும் உளர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர்தம் பேணுதலையும் மதிக்கிறோம். ஆனால் 1988இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு பேரவை நிபந்தனைகளோடு இதனை ஆகுமாக்கியது, விற்பதை விலக்கியது. இருதரப்புச் சான்றுகளையும் மிம்பரில் எடுத்துரைக்காமல் மௌனம் காப்பது அறிவுடைமையாகாது. மாற்று அறுவை முடிந்தாலும் செலவு முடிவதில்லை. பொருத்திய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அங்கேயும் தொடர்ச்சிதான் தேவை.

இனி எதிர்வாதங்களில் வலியதற்கு வருவோம். 'ஒருவனுக்கே இத்தனை செலவிடுவதைவிட அப்பணத்தில் நூறு பேருக்குச் சோறிடலாமே' என்கின்றனர். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. பொதுப்பணத்தை ஆள்வோர் எண்ணித்தான் செலவிட வேண்டும். ஆனால் இவ்வெண்ணத்தை இறுதிவரை கொண்டுசென்ற ஓர் ஊரின் வரலாறு உண்டு. நெதர்லாந்தில் கோல்ஃப் என்னும் மருத்துவர் 1943இல் செயற்கைச் சிறுநீரகத்தை மனிதரிடத்தில் பயன்படுத்தினார். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி பிறந்தது. இயந்திரம் சில, நோயாளிகள் பலர். யாருக்கு அளிப்பது என்று முடிவு செய்ய எழுவர் குழு அமைந்தது. வேலை என்ன, வருவாய் என்ன, படிப்பு என்ன, வழிபாட்டுக்குச் செல்பவனா என்றெல்லாம் பார்த்து அக்குழு சிலரை வாழவும் சிலரைச் சாகவும் விட்டது. 1962இல் இதழொன்று இதனை வெளிப்படுத்தியபோது நாடே அதிர்ந்தது. பத்தாண்டுக்குப்பின், 1972இல், சிறுநீரகம் செயலிழந்தோர் பெரும்பாலோரின் செலவையும் அரசே ஏற்கும் சட்டம் அங்கே வந்தது. நம்மூரில் அத்தகைய குழு இல்லை என்று மகிழ வேண்டா. இங்கே பணப்பையே அக்குழு. பேருந்துக் காசு உள்ளவன் வாழ்வான், தீர்ந்தவன் வீட்டிலேயே கிடப்பான் என்ற தீர்ப்பு நாள்தோறும் எழுதப்படுகிறது. எழுவர் குழுவுக்கேனும் வெட்கம் இருந்தது. நம் தீர்ப்பில் யாரும் கையெழுத்திடுவதில்லை. நூறு பேருக்குச் சோறிடுவதும் நம் கடனே. ஆனால் அச்சோற்றுக்கு இம்மாணவனின் உயிரை ஈடாக வைக்க நமக்கு உரிமை கொடுத்தவர் யார்? நம் திருமணப் பந்தலின் விளக்குச் செலவைக் குறைத்து ஈடுகட்டலாம் என்று ஏன் எவரும் சொல்வதில்லை?

இத்தனையும் பேசிவிட்டு வழி சொல்லாமல் முடிப்பது முறையன்று. வழியைத் தேடி வெளியூர் செல்லவும் வேண்டா. விருதுநகரிலேயே இருக்கிறது.

அவ்வூர் வணிகர், சந்தைக்கு வரும் சரக்கின்மீது மூட்டைக்கு இவ்வளவென்று மகமை வைத்துப் பொதுக்காரியம் நடத்தியவர்கள். 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். வீட்டுக்கு வீடு உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்து, அப்பிடியரிசியைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சம்பளமின்றிக் கல்வி அளித்தனர். அப்பள்ளியில் பயின்ற சிறுவன் ஒருவன்தான் பின்னர்க் காமராசராகி, நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்தார். எந்தத் தாயும் 'நேற்றுத்தானே ஒரு பிடி கொடுத்தேன்' என்று சொன்னதில்லை. நேற்றுப் பொங்கியது போல் இன்றும் பொங்குகிறோம் அல்லவா? பொங்கும் நாளெல்லாம் பிடியரிசி உண்டு. கொடை அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டது; எனவே அது சுமையாகவில்லை. வாங்கியவனும் நாணித் தலைகவிழவில்லை. ஏனெனில் அவன் எவரிடமும் கேட்கவில்லை.

இஸ்லாமிய மரபும் இதுவே. வக்ஃபு என்பதன் பொருளே முதலை நிறுத்திப் பயனை ஓடவிடுதல். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை வக்ஃபு வருவாயில் நடந்தது. குணமாகி வெளியேறும் ஏழைக்கு, உடனே கூலிவேலைக்கு ஓடாதிருக்கக் கைப்பணமும் கொடுத்தனுப்பினர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். வள்ளுவர் நான்காவதாக எண்ணியதை அவர்களும் மறக்கவில்லை போலும்! சிறிதாயினும் இடையறாது செய்யப்படும் நற்செயலை உயர்த்திச் சொன்ன நபிமொழியை நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கிறோம். ஓதிக்கொடுத்துவிட்டு ஒருமுறைத் துண்டோடு நின்றுவிடுகிறோம். ஸகாத் பெறத்தக்க எண்வகையாரில் 'காரிமீன்' எனப்படும் கடனாளிகளும் ஒருவர். மகனின் மருத்துவத்துக்காகக் கடன்பட்ட தந்தை அவ்வகையில் வரமாட்டார் என்று எந்த நூல் சொல்கிறது? ஸகாத்துக்கு வரம்புகள் உண்டு. ஸதகாவுக்கு அவ்வரம்புகள் இல்லை. அதனை எச்சமயத்தார்க்கும் கொடுக்கலாம்.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. முந்நூறு வீடுள்ள ஒவ்வொரு மகல்லாவும், ஒவ்வொரு தெருச் சங்கமும், வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் எடுத்து வைக்கட்டும். ஆண்டுக்கு 1,09,500 ரூபாய் சேரும். முன்னே போட்ட கணக்கில் 'இலவசச்' சிகிச்சையின் விலை 1,09,200 ரூபாய். ஒரு மாணவனின் ஓராண்டுச் செலவு போக 300 ரூபாய் மிச்சமும் இருக்கும்! அதனை மாதந்தோறும், படமெடுக்காமல், தாயின் கணக்கில் செலுத்துக. கல்லூரிகள், டயாலிசிஸ் நாளை வருகை நாளாகவே எண்ணுக. தண்டக் கட்டணத்தை ஒழிக்க. மருத்துவமனைகள், பயிலும் பிள்ளைகளுக்கு மாலை முறையை ஒதுக்குக. உடல்நிலை இடங்கொடுக்குமாயின், வீட்டிலிருந்தபடியே பை மாற்றிக்கொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸ் வகுப்புக்குச் செல்ல வழிவிடும் என்பதை மருத்துவர்கள் மாணவர்க்கு எடுத்துச் சொல்க. அரசு, உடனிருந்து பேணுபவரின் கூலியையும் சிகிச்சைச் செலவென்று கணக்கில் கொள்க. முதலாண்டுச் சேர்க்கையின்போதே சிறுநீரில் புரதமும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட்டால், நோய் முற்றுமுன் சிலரையேனும் காக்கலாம். அச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பட்டாசுப் பெட்டியின் விலைகூட இராது.

அந்தப் பெரியவரை நாம் இன்றும் தொழுகையில் காண்கிறோம். இவ்விதழ் அவர் வீட்டுக்கும் செல்லும். ஐயா, தாங்கள் கேட்டது உண்மைதான். போன மாதம் கொடுத்தோம். போன மாதம் அந்தப் பிள்ளைக்கு இரத்தம் சுத்திகரிக்கப்பட்டது. போன மாதம் அவன் உயிரோடிருந்தான். இது இந்த மாதம்.